தம்ளரின் அடியில் தங்குவது

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு இதய நோய். நாள்தோறும் காலையில் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை உட்கொண்டு வரவேண்டும் என்று மருத்துவர் பணித்திருக்கிறார். முதியவருக்கோ மாத்திரையை விழுங்குவது பெரும் தொல்லை. ஆகவே சிறிய தம்ளரில் இரண்டு தேக்கரண்டி நீர் விட்டு, அதில் மாத்திரையை இட்டு, ஊறியபின் மேலே தெளிந்து நிற்பதைப் பருகிவிடுகிறாராம். அடியில் தங்கும் வெண்மாவைச் செம்பருத்திச் செடியின் அடியில் கொட்டிவிடுவது வழக்கமாம். “சாரம் எல்லாம் நீரில் இறங்கிவிட்டது, இனிச் சக்கையில் என்ன இருக்கிறது என்று அத்தை கேட்கிறார். விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்லும் நாள்களில் முதல்நாள் இரவே கரைத்து மூடி வைத்துவிடுகிறார். இது சரிதானா?” என்பது சகோதரியின் கேள்வி.

கஷாயம் வைத்துப் பழகிய கைகளுக்கு இந்த எண்ணம் இயல்பாகவே தோன்றும். சுக்கையும் மிளகையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் சாரம் நீரில் இறங்குகிறது. சக்கையை வடிகட்டி எறிகிறோம். மாத்திரையின் கணக்கு வேறு. அங்கே எது சாரம், எது சக்கை என்பதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. செம்பருத்திச் செடிக்குச் சென்றுகொண்டிருப்பது பெரும்பாலும் மருந்தே என்று சொன்னால் அம்மூதாட்டியார் வியப்படையக்கூடும்.

நெல்லிக்குப்பத்தாருக்கு இதை விளக்குவது எளிது. அவ்வூர் சர்க்கரை ஊர். பாரி நிறுவனத்தார் 1842-இல் அங்கே தொடங்கிய ஆலையைப் பற்றி அறியாதார் கடலூர் வட்டாரத்தில் இலர். அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். நூறு மில்லி லிட்டர் நீரில், அதாவது ஒரு சிறு தம்ளர் நீரில், பொறுமையாகக் கலக்கினால் ஏறத்தாழ இருநூறு கிராம் சர்க்கரை கரைந்துவிடும். நீரின் எடையைப்போல் இரு மடங்கு! அதே தம்ளர் நீரில் ஆஸ்பிரின் எவ்வளவு கரையும்? ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். 25 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு கிராம் ஆஸ்பிரின் கரைவதற்கு 300 மில்லி லிட்டர் நீர் வேண்டும் என்று மருந்தியல் நூல்கள் கூறுகின்றன. இரண்டும் வெண்மையானவை, இரண்டும் படிகங்கள். ஆயினும் நீரோடு அவை கொள்ளும் உறவில் அறுநூறு மடங்கு வேறுபாடு. சர்க்கரையின் மூலக்கூறு முழுவதும் நீரைப் பற்றிக்கொள்ளும் கைகள் நிறைந்தது. ஆஸ்பிரின் மூலக்கூறின் நடுவிலோ பென்சீன் வளையம் என்னும் எண்ணெய்த்தன்மை வாய்ந்த பகுதி இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் போல அது நீரை விட்டு விலகியே நிற்கும்.

இப்போது சகோதரியின் மாமியாருடைய தம்ளருக்கு வருவோம். இரண்டு தேக்கரண்டி என்பது பத்து மில்லி லிட்டர். அவ்வளவு நீர் தாங்கக்கூடிய ஆஸ்பிரின் 33 மில்லிகிராம். மாத்திரையில் உள்ளதோ 75. எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும், கலக்கினாலும், 40 மில்லிகிராமுக்குக் குறையாமல் அடியில் கிடந்தே தீரும். உண்மையில் கரைதல் மெல்ல நிகழ்வதாகையால் கிடப்பது அதனினும் மிகுதியாகவே இருக்கும். அதனுடன் மாத்திரையை உருப்படுத்துவதற்காகச் சேர்க்கும் மாவுப்பொருளும் கலந்திருப்பதால், முழு மருந்தும் கரைந்த பின்னும் தம்ளர் கலங்கலாகவே தோன்றும். மாத்திரை நீரில் உதிர்வதைக் கரைவதென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உதிர்வது வேறு, கரைவது வேறு. சுவரிலிருந்து உதிர்ந்த காரை தண்ணீரில் கிடந்தால் அது கரைந்துவிட்டது என்போமா?

ஆகவே கலங்கலோடு சேர்த்துக் குடிக்க வேண்டும். பின்பு தம்ளரில் மீண்டும் சிறிது நீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். 37 பாகையில், அதாவது நம் உடலின் வெப்பநிலையில், ஒரு கிராமுக்கு நூறு மில்லி லிட்டர் நீரே போதும். கரையும் அளவு மூன்று மடங்காகிறது. ஆனால் கொதிநீர் வேண்டாம். காரணத்தைப் பின்னால் காண்போம்.

“தண்ணீரில் போட்டதும் பொங்கிக் கரைந்துவிடும் மாத்திரைகளும் இருக்கின்றனவே?” என்று சிலர் கேட்கலாம். ஆம், டிஸ்பிரின் என்ற பெயரில் வீடுதோறும் அறிமுகமான வகை அது. அதன் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. ஆஸ்பிரின் ஓர் அமிலம். அதனுடன் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருளையும் சிறிது சிட்ரிக் அமிலத்தையும் கலந்து மாத்திரையாக்குகிறார்கள். உலர்ந்திருக்கும்வரை அவை ஒன்றையொன்று தீண்டுவதில்லை. நீர் பட்டதும், ஆப்பச் சோடாவில் எலுமிச்சஞ்சாற்றைப் பிழிந்தாற்போல் கரியமில வாயு நுரைத்தெழுகிறது. ஆஸ்பிரின் கால்சியத்தோடு சேர்ந்து உப்பாக மாறுகிறது. அமிலமாக இருந்தபோது நீரை வெறுத்தது, உப்பானதும் நீரை நாடுகிறது. எழும் குமிழிகள் மாத்திரையை உள்ளிருந்தே உடைத்துத் தூளாக்கிக் கரைதலை விரைவுபடுத்துகின்றன.

இதைக் கண்டுபிடித்தது வேடிக்கைக்காக அன்று. 1938-இல் இலண்டனின் கை மருத்துவமனையில் டௌத்வெயிட், லின்டாட் என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றுக்குள் குழாய்க் கண்ணாடியைச் செலுத்தி, ஆஸ்பிரின் உண்டவர்களின் இரைப்பையைப் பார்த்தார்கள். கரையாத துகள்கள் இரைப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்ட இடங்கள் சிவந்தும் புண்பட்டும் இருக்கக் கண்டார்கள். துகளாகத் தங்காமல் கரைசலாகச் சென்றால் தீங்கு குறையும் என்ற எண்ணத்தில் பலர் முயன்றனர். இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனம் 1948-இல் டிஸ்பிரினை விற்பனைக்குக் கொணர்ந்தது. தீங்கு ஓரளவு குறைந்தது உண்மையே, அறவே நீங்கவில்லை. இரைப்பையைக் காக்கும் சில பொருள்களை உடல் உண்டாக்கிக்கொள்வதையே ஆஸ்பிரின் தடுக்கிறதாகையால், அது எவ்வழியில் உள்ளே சென்றாலும் இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கு ஆகாது. கரைத்துக் குடித்தால் வயிற்றுக்குக் கெடுதியில்லை என்று மருந்துக்கடைப் படிக்கட்டில் நின்றுகொண்டு அறிவுரை கூறுவோர் நம்மிடையே மிகுதி. அவர்களை நம்ப வேண்டா.

இனி இரவே கரைத்து வைக்கும் வழக்கத்தைப் பார்ப்போம். இதுதான் ஆஸ்பிரினின் விந்தையான குணம்.

பழைய மாத்திரை அட்டையைப் பிரித்தபோது காடியின் நெடி அடித்ததை உங்களில் பலர் உணர்ந்திருப்பீர்கள். வினிகர் என்று நாம் கூறும் அந்தக் காடியில் உள்ளது அசெட்டிக் அமிலம். ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தின்மேல் இந்த அசெட்டிக் அமிலத்தின் ஒரு துண்டை ஒட்டவைத்த பொருள். மழைக்காலத்தில் காற்றில் உள்ள ஈரமே அந்த ஒட்டைப் பிரித்துவிடப் போதுமானது. பிரிந்தால் ஒரு பக்கம் சாலிசிலிக் அமிலம், மறுபக்கம் காடி. அடுப்பின் மேல்தட்டிலும் குளியலறை அலமாரியிலும் மாத்திரை வைக்கும் வீடுகளில் இது விரைவில் நேரும். ஈரக் காற்றுக்கே இப்படியென்றால், நீரிலேயே மூழ்கடித்தால் என்னாகும்? நீர் ஒரு கையால் ஆஸ்பிரினைக் கரைக்கிறது. மறு கையால் அதைப் பிரிக்கத் தொடங்குகிறது.

எவ்வளவு விரைவாக என்பதை 1950-இல் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் புற ஊதாக் கதிர்களின் துணைகொண்டு அளந்து வெளியிட்டார். பின்வந்தோர் அதை மேலும் செம்மைப்படுத்தினர். புளிப்புமின்றி உவர்ப்புமின்றி நடுநிலையில் உள்ள நீரில், 25 பாகையில், கரைந்த ஆஸ்பிரினில் பாதி ஏறத்தாழ இரண்டு நாள் கழிவதற்குள்ளோ அதற்குச் சற்றுப் பின்னரோ பிரிந்துவிடும். நம் சித்திரை மாதத்து வெப்பத்தில் இன்னும் விரைவு. கொதிநீர் வேண்டாம் என்றதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீர் நன்கு புளித்திருக்கும்போது இந்தப் பிரிவு மிகவும் மெதுவாக நடக்கிறது. சாதாரண ஆஸ்பிரின், தான் கரைந்த நீரைத் தானே புளிக்கச் செய்வதால், தன்னை ஓரளவு காத்துக்கொள்கிறது. பொங்கும் மாத்திரையிலோ சுண்ணாம்பு அப்புளிப்பைத் தணித்துவிடுகிறது. எனவே எளிதில் கரையும் அதுவே விரைவில் கெடுவதாகவும் ஆகிறது. அதை இரவில் கரைத்து விடியலில் குடித்தால் பத்தில் ஒரு பங்களவு பயனற்றுப் போயிருக்கும். ஓர் இரவுக்கு அது பெரிய இழப்பன்று. ஆனால் ‘பாதியை இன்று குடிப்போம், மீதியை நாளை மறுநாள் பார்ப்போம்’ என்று மூடி வைப்போர் குடிப்பது வேறு மருந்து. வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கரைக்கலாமே என்று கைவைத்தியம் யாரும் தொடங்க வேண்டா; சுண்ணாம்பு நீரின் காரத்தில் பிரிவு பன்மடங்கு விரைவாகும்.

‘பிரிந்தால் என்ன, சாலிசிலிக் அமிலமும் மருந்துதானே?’ என்று வேதியியல் கற்ற மாணவர் கேட்பார். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அது ஓரளவு உதவும் என்பது மெய்யே. வயிற்றை அதிகம் வருத்தும் என்பதும் மெய்யே. இதய நோயாளிக்குத்தான் பிரிவு பெரும் இழப்பாகிறது. நம் இரத்தத்தில் தட்டணுக்கள் என்னும் நுண்துகள்கள் உள்ளன. காயத்தில் கூடி இரத்தத்தை உறையச் செய்வது அவற்றின் பணி. இதயக் குழாய் சுருங்கியவர்க்கு அவை குழாயினுள்ளேயே கூடிவிட்டால் மாரடைப்பு. தட்டணுவில் உள்ள ஒரு நொதியே ஒன்றுகூடும் செய்தியை உண்டாக்குகிறது. ஆஸ்பிரின் இவ்வகைச் செய்திப் பொருள்கள் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். அதற்காக 1982-இல் நோபெல் பரிசில் பங்குபெற்றார். எப்படித் தடுக்கிறது என்பது 1975-இல் தெளிவாயிற்று. தன்னிடமுள்ள அந்தக் காடித் துண்டைக் கழற்றி நொதியின்மேல் ஒட்டிவிடுகிறது. பூட்டின் துளையில் அரக்கை ஊற்றியதுபோல் நொதி நிரந்தரமாக அடைபட்டுப் போகிறது. தட்டணுவுக்குப் புதிய நொதியை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. தன் வாழ்நாளான எட்டுப் பத்து நாளும் அடங்கியே கிடக்கிறது. நாளுக்கு 75 மில்லிகிராம் என்ற சிற்றளவு போதுமானதாக இருப்பதும் இதனாலேயே. தம்ளரில் நீர் பிரித்தெடுப்பது சரியாக இந்தத் துண்டைத்தான். துண்டை இழந்த சாலிசிலிக் அமிலத்துக்கு இப்பணி இயலாது.

இந்தத் துண்டை ஒட்டவைத்த கதையையும் சிறிது சொல்லவேண்டும். அது நெல்லிக்குப்பத்துக்குத் தென்மேற்கே, அதே கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலியையும் தொட்டுச் செல்கிறது. காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டையின் பொடியைக் கொடுத்துக் கண்ட பயனை, எட்வர்ட் ஸ்டோன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு 1763-இல் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதியனுப்பினார். அப்பட்டையின் வழியே சாலிசிலிக் அமிலம் அறியப்பட்டது. மரத்தை நம்பாமல் அதை ஆலையில் ஆக்கும் வழியை ஜெர்மானியரான கோல்பே கண்டார். பீனால், அதாவது நாம் கார்பாலிக் அமிலம் என்று கூறும் பொருள், அதற்கு மூலம். அதன் சோடிய உப்பைக் கரியமில வாயுவோடு வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்தால் சாலிசிலிக் அமிலம் பிறக்கிறது. அதன்மேல் காடித் துண்டை ஏற்றித் தூய ஆஸ்பிரினைப் பேயர் ஆலையில் 1897-இல் ஆக்கினார் பெலிக்ஸ் ஹாஃப்மன். பீனாலோ அந்நாளில் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது.

நெய்வேலியில் 1957-இல் சுரங்கப்பணி தொடங்கிற்று. 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே அந்நிலக்கரியைக் கட்டிகளாக்கிக் காற்றுப் புகாமல் சுட்டு, புகையில்லா எரிபொருளாக ‘லெக்கோ’ என்ற பெயரில் விற்றார்கள். மூத்த இல்லத்தரசியர் சிலருக்கு அந்தக் கரிக்கட்டி நினைவிருக்கும். சுடும்போது வடிந்த தாரிலிருந்து கிடைத்த துணைப்பொருள்களில் கார்பாலிக் அமிலமும் ஒன்று. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்புக் கரிக்கும் மாமியாரின் தம்ளருக்கும் இடையே உள்ள உறவு இதுதான்.

நீலகிரியிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. உதகைக்குச் செல்வோர் வாங்கிவரும் விண்டர்கிரீன் தைலத்தில் நிறைந்திருப்பது மெத்தில் சாலிசிலேட். அதன் நெடியே மூட்டுவலித் தைலங்கள் பலவற்றிலும் வீசுவது. தேய்ப்பதற்கு நல்லது, குடித்தால் நஞ்சு. ஒரே தேக்கரண்டித் தைலத்தில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான மருந்து அடங்கியிருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் புட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மாமியாரின் மாத்திரைக்குத் திரும்புவோம். அட்டையின் பின்புறத்தைச் சகோதரி முதலில் படித்துப் பார்க்க வேண்டும். இதய நோய்க்குத் தரப்படும் சிறிய மாத்திரைகள் பலவற்றின்மேல், இரைப்பையில் கரையாமல் குடலுக்குச் சென்றபின் கரையும்படியான பூச்சு இருக்கும். அவ்வகையை நீரில் ஊற வைப்பதும் இடித்துப் பொடியாக்குவதும் பூச்சின் நோக்கத்தையே கெடுப்பதாகும். அவர் எழுதியதுபோல் மாத்திரை விரைவில் உதிர்கிறதென்றால் பூச்சில்லாத வகையாக இருக்கலாம். எவ்வகையாயினும், விழுங்க இயலாமையை மருத்துவரிடம் கூறினால் நீரில் கரையும் வகையை அவரே எழுதித் தருவார். அதற்கும் அரைத் தம்ளர் நீர், நன்றாகக் கலக்குதல், உடனே பருகுதல், அலசிக் குடித்தல் என்பதே முறை. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், பொங்கும் மாத்திரையில் இருப்பது கால்சியமா சோடியமா என்றும் கேட்டறிவது நன்று. சோடா உப்புச் சேர்த்த வகைகளும் உள்ளன. இதுவரை பாதிக்கு மேல் செடிக்குச் சென்ற செய்தியையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறிவிடுதல் வேண்டும். மருந்து போதவில்லை என்று எண்ணி அவர் அளவைக் கூட்டியிருக்கவும் கூடும். அவ்வாறாயின் இனி முழு மாத்திரையையும் குடிக்கத் தொடங்கும்போது அவர் அறிந்திருப்பது அவசியம்.

நெஞ்சு வலி திடீரென வந்த வேளையில் மட்டும் தம்ளரைத் தேடவேண்டா. 1988-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், மாரடைப்பு என ஐயுற்ற 17,187 பேரிடையே, ஒரு மாதம் நாளுக்கு ஏறத்தாழ 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் உண்டவர்களுக்கு, ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக் குழாய் நோயால் நேர்ந்த மரணம் நான்கில் ஒரு பங்களவு குறைந்தது. முதல் மாத்திரையை மென்றோ பொடித்தோ உண்ணச் சொல்லியிருந்தார்கள். விழுங்குதல், கரைத்துக் குடித்தல், மெல்லுதல் ஆகிய மூன்றையும் 1999-இல் அமெரிக்காவில் ஒப்பிட்டபோது மென்றதே முந்தியது: தட்டணுவின் செய்திப் பொருளைப் பாதியாகக் குறைக்க விழுங்கியதற்கு 12 நிமிடம், கரைசலுக்கு 8 நிமிடம்வரை, மென்றதற்கு 5 நிமிடம். முதலில் 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர், இரத்தக் கசிவு உள்ளவர் அல்லர் எனில், அவர்கள் சொற்படி மெல்லக் கொடுக்கலாம்.

காய்ச்சலுக்கோ, குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு பரவும் நம் வட்டாரத்தில், ஆஸ்பிரினை எவ்வடிவிலும் தாமாகக் கொடுக்கலாகாது. டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைகின்றன; எஞ்சியவற்றையும் அடக்கினால் இரத்தக் கசிவு பெருகும். குழந்தைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ‘ரை’ நோய்க்குறியின் அச்சமும் உண்டு. பிரிட்டன் 1986-இலேயே 12 வயதுக்கு உட்பட்டோர்க்கு ஆஸ்பிரினை விலக்கிவிட்டது. பாட்டியின் பெட்டியிலுள்ள மாத்திரையில் கால் துண்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துப் பேரனுக்குப் புகட்டும் பழக்கம் இருக்குமானால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். டெங்குக் காய்ச்சலைத் தணிக்க மருத்துவர்கள் தருவது பாரசிட்டமால்.

காடி நெடி அடிக்கும் அட்டை உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடலாம். பத்தாம் வகுப்புக்கு மேல் வேதியியல் பயிலும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு அதைச் சிறிது நீரில் கலக்கி, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் இரண்டு துளி விட்டுப் பார்க்கட்டும். புதிய மாத்திரையின் நீரில் நிறம் பெரும்பாலும் மாறாது. கெட்ட மாத்திரையின் நீர் கத்தரிப்பூ நிறமாகும்.